எங்கள் சப்பாத்துகளை மினுக்கிய ஏகாம்பரம் ஐயா

போன கிழமை பெர்லினில் ஹெர்மன்பிளாட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சப்பாத்துப் பொலிஷ் டப்பா ஒன்றைத் திறந்து மணந்துகொண்டு நின்றேன். குளிக்கிற சவர்க்காரம் வாங்கப் போனவன், அந்த வரிசையில் எப்படி வந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. கடையில் வேலை செய்யும் பிள்ளை வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். இல்லை, சும்மா மணந்து பார்க்கிறேன் என்று ஜெர்மனில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. தலை நரைத்த மனிதன், கையில் திறந்த டப்பா, முகத்தில் ஒரு சொக்கல். அவள் ஓரடி பின்னால் வைத்தாள். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு, வாங்க வந்த சவர்க்காரத்தையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சிலருக்கு மல்லிகை மணந்தால் ஒரு ஆள் ஞாபகம் வரும். எனக்குக் கறுப்புப் பொலிஷ் மணந்தால் ஏகாம்பரம் ஐயா வருவார். முதலில் சிரிப்பு வரும். பிறகு காது மடல் சூடாகும். அந்தச் சூட்டுக்குப் பெயர் வெட்கம். அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கப் போகிறேன், பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு நேராகக் கதை சொல்ல வராது. என் மனைவி சொல்வது போல, நான் பால் வாங்கப் போன கதையைச் சொன்னால் மாடு பிறந்த இடத்தில் தொடங்குவேன்.

அப்போது பெர்லினின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பாதிப் பேர் உணவகச் சமையலறைகளில்தான் நின்றார்கள். நானும் ஒரு இத்தாலியக் கடையில் அடுப்புக்கு முன்னால் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்குத்தான் விடுமுறை, எங்களுக்கு இடுப்பு முறியும் நாள். கடை பூட்டுவது திங்கள். ஆகவே எங்கள் ஞாயிறு திங்கட்கிழமையில் வரும். உலகம் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் நாளில் நாங்கள் ஆட்டிறைச்சிக் கறியும் சோறுமாகச் சம்மணம் கட்டி இருப்போம். எங்கள் வீடு மூன்றாம் மாடி. வருகிறவர்கள் கதவுக்கு வெளியே, மாடிப்படி முகப்பில், சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். கீழ் வீட்டு ஜெர்மன் அம்மாவுக்கு அந்தச் சப்பாத்துக் குவியலைக் கண்டாலே ஆகாது. படிக்கட்டு நடக்கிறதுக்கு, கடை விரிக்கிறதுக்கு இல்லை என்று கதவில் குறிப்பு ஒட்டிவிட்டுப் போவார்.

ஏகாம்பரம் ஐயாவை நான் முதலில் கண்டது கோயிலில். வேலூர்ப் பக்கத்து ஆள். இந்தியப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, இங்கே கணினி வேலை செய்யும் மகள் கவிதாவோடு வந்திருந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அன்னதான வரிசை குழம்பிப்போய்க் கிடந்தது. எங்கள் வரிசை எப்போதும் அப்படித்தான், முன்னால் நிற்பவரைவிடப் பக்கத்தில் நிற்பவர்தான் கூட. ஐயா நடுவில் போய் நின்று, பிள்ளைகளைப் பார்த்து இந்தியில் ஏதோ கட்டளை போட்டார். ஒரு பிள்ளைக்கும் இந்தி தெரியாது. ஆனால் எல்லாம் குதியை ஒட்டி விறைத்து நின்றன. பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்களும் நின்றார்கள். குருக்களும் ஒரு கணம் நேராக நின்றதை நான் கண்டேன். சாம்பார் வாளியோடு நின்ற எனக்கு அவர் சல்யூட் அடித்து, “இன்னா தம்பி, இப்ப ஊத்து” என்றார்.

அடுத்த திங்களே வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார். அதற்குப் பிறகு வராத திங்கள் இல்லை.

சிரிப்பூட்டுகிற ஆட்கள் பலவிதம். சிலர் மற்றவர்களைக் கடித்துச் சிரிப்பூட்டுவார்கள். ஐயா தன்னைத்தான் கடிப்பார். காஷ்மீர்ப் பனியில் மீசை விறைத்துப்போய்ச் சப்பாத்தி தின்ன முடியாமல் அழுத கதையை, மீசை, சப்பாத்தி, மேலதிகாரி மூன்று பேராகவும் நடித்துக் காட்டுவார். பேத்தியைப் பனிச் சறுக்குப் பலகையில் இருத்தி, தானே குதிரையாகி, தானே குதிரைக்குக் கட்டளையும் போட்டு ஹாசன்ஹைட பூங்காவில் இழுத்துக்கொண்டு திரிவார். பேருந்தில் ஏறும்போது சாரதிக்குத் தமிழில் வணக்கம் சொல்லிச் சல்யூட் அடிப்பார். பெர்லின் பேருந்துச் சாரதிகள் சிரிப்பதில்லை என்று பெயர். அவர் ஓடி வருவதைக் கண்டு ஒரு சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததை நானே பார்த்தேன். பதினைந்து வருஷமாக அதே பேருந்துக்குப் பின்னால் ஓடுகிற எனக்கு ஒரு நாளும் அது நடந்ததில்லை.

அவர் வந்த முதல் திங்கள், சாப்பாடு முடிந்து ஆட்கள் புறப்படும்போது ஐயாவைக் காணவில்லை. கதவைத் திறந்தால், படியில் இருந்துகொண்டு எங்கள் எல்லோருடைய சப்பாத்துகளையும் மினுக்கிக்கொண்டிருந்தார். கோட்டுப் பையிலேயே ஒரு சின்ன டப்பாவும் தூரிகையும் வைத்திருப்பாராம். இடது கையைச் சப்பாத்துக்குள் விட்டு, மூக்குக்கு நேரே பிடித்து, மூச்சை ஊதி ஊதித் தேய்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. அப்பா வயது இல்லாவிட்டாலும் மூத்த அண்ணன் வயது. எங்கள் ஆட்களில் மூத்தவர் ஒருவர் இளையவனின் சப்பாத்தைக் கையால் தொடுவதா? பறிக்கப் போனேன். “ஐயா, வையுங்கோ, எங்களுக்குப் பாவம்” என்றேன்.

அவர் விடவில்லை. “எங்க வீட்ல எம் பொண்டாட்டி செருப்ப வாரா வாரம் நான்தாம்பா தொடைப்பேன். ஊரே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. சரி, அவ சிரிக்கிறாளே, அது போதும்னு உட்டுட்டேன்.”

பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஐயா வந்த திங்கள் எங்கள் சப்பாத்துகள் கண்ணாடி. கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் குறிப்பு ஒட்ட ஏறி வந்தவர், ஐயா தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா அவருடைய காலைப் பார்த்தார். ஒரு பாஷையும் பேசாமல் கையை நீட்டினார். அடுத்த கிழமையிலிருந்து அந்த அம்மாவின் குளிர்ச் சப்பாத்தும் எங்கள் குவியலில் வந்து சேர்ந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தட்டு நிறையப் பிஸ்கட் வந்தது. குறிப்பு மட்டும் வரவே இல்லை.

குகன் அண்ணையை இனிச் சொல்ல வேண்டும். எங்கள் திங்கட்கிழமையின் தலைமகன் அவர். சிவத்த முகம், பெரிய கை, குறைந்த பேச்சு. அவரும் சமையலறைதான். ஆனால் நகரத்தில் எல்லோருக்கும் அவரைத் தெரிவது வேறு காரணத்தால். தமிழ் ஆள் ஒருவர் இறந்துவிட்டால் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்கும் வரை எல்லாம் செய்து தருகிறவர் குகன் அண்ணை. தொடக்க காலத்தில் இங்கே அதற்கு ஒருவரும் இருக்கவில்லை. யாரோ ஒருவருக்குச் செய்தார், பிறகு எல்லோருக்கும் செய்தார். தன் தம்பிக்கு மட்டும் செய்யக் கிடைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில், அமைதி காக்க என்று இந்திய ஆமி எங்கள் ஊரில் நின்ற காலத்தில், சைக்கிளில் போன தம்பி வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. யார், எங்கே, எப்படி என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. குகன் அண்ணை அதைப் பற்றிப் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த உங்களுக்கு இப்போது ஒரு கேள்வி வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. அதுதான் வேடிக்கை. இந்தியப் பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரியும். வயதும் தெரியும். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஆனால் அவர் காஷ்மீர், காஷ்மீர் என்று சொல்லச் சொல்ல, நாங்கள் அவரைக் காஷ்மீரிலேயே வைத்துவிட்டோம். பனிக்குள் நின்றால் நல்ல மனிதராகவே நிற்பார் என்று எங்களுக்குள் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும்.

ஒரு தை மாதத் திங்கள். வெளியே பனி கொட்டியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு முன்னூற்றி நாலு விளையாட ஒரு கை குறைந்தது. யாழ்ப்பாணத்து ஆள் என்றால் இந்தக் கடதாசி விளையாட்டு, அதாவது இந்தச் சீட்டாட்டம், இரத்தத்தில் ஊறியது, இந்தியாவில் இருந்து வந்தவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் பெயரே தெரியாது. நானும் ஐயாவும் ஒரு பக்கம், குகன் அண்ணையும் என் மனைவியும் மற்றப் பக்கம். ஐயாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் தன் கையைப் பார்த்து, இத்தனை புள்ளி என்று கேள்வி கேட்டு, துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஆடுங்கப்பா” என்றார். என் மனைவி இறக்கிய நல்ல கடதாசி இரண்டைத் துரும்பால் வெட்டி எடுத்தார். அவளை அப்படி வெட்டிய ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கோ வென்ற சந்தோஷம், வாயெல்லாம் பல்.

குகன் அண்ணை கடதாசியை மடியில் வைத்தார். இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்.

“உங்க ஊர்லதான்” என்றார் ஐயா. முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. “நாங்க நின்ன எடத்துக்கு எதிர்ல ஒரு டீக்கடை. பெரியவங்க நாலு பேரு சாயங்காலத்துல ஆடுவாங்க. ஒருத்தர் வரலைன்னா என்னக் கூப்புடுவாங்க. எனக்குத் தமிழ் தெரியுமில்ல, அதனால எங்க போனாலும் என்னத்தான் முன்னால நிறுத்துவாங்க. சொல்ல வேண்டியத நான்தான் சொல்லணும்.”

அறையில் மின்சாரம் போனது போல ஆயிற்று. குகன் அண்ணை கேட்டார், மிக மரியாதையாக:

“என்ன சொன்னனீங்கள்?”

ஐயா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். “வீட்ல இருக்கிறவங்க எல்லாம் வெளிய வாங்கன்னு” என்றார். பிறகு, “பயப்படாதீங்கன்னும் சொல்லுவேன்” என்றார். குரல் கீழே போய்விட்டது.

எனக்கு அந்தக் குரல் தெரியும். அவருடையது இல்லை, வேறு யாருடையதோ. ஆனால் அந்தத் தமிழைக் கேட்டிருக்கிறேன், எங்கள் ஒழுங்கையில், வீட்டுக்கு முன்னால் போகும் அந்தச் சின்னத் தெருவில், வெயில் ஏறும் நேரத்தில். எங்களுடையது இல்லாத, சினிமாவில் கேட்கிற தமிழ். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. தமிழ் பேசுகிறவன் நிற்கிறான், ஒன்றும் நடக்காது என்று அம்மா சொன்னார். அப்படி ஆகவில்லை. பிறகு பலகாலம் அந்த ஆறுதலை நினைத்து நாங்கள் வெட்கப்பட்டோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐயா எழுந்தார். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் தம்பி, முதல் நாளே பட்டாளம் என்று சொன்னேனே என்று என்னிடம் மெல்லச் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். என் மனைவி கடதாசிகளைப் பொறுக்கி அடுக்கினாள். குகன் அண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னாலேயே போனேன்.

ஐயா போயிருக்கவில்லை. படியில் இருந்தார். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியாதபோது கை தானாகச் செய்கிற வேலை அது. இடது கைக்குள் குகன் அண்ணையின் சப்பாத்து. மற்றது முடிந்து, பளபளவென்று பக்கத்தில் இருந்தது. அண்ணையைக் கண்டதும் எழுந்து நின்று, கையில் இருந்ததை இரண்டு கையாலும் நீட்டினார். குகன் அண்ணை அதைப் பார்த்தார். வாங்கவில்லை. அவரைத் தாண்டி, காலுறையோடு, படியில் இறங்கிப் போனார். நான் சன்னலுக்கு ஓடினேன். கீழே தெருவில் பனி, அதன் மேல் வழுக்காமல் இருக்கத் தூவிய கூர்க் கற்கள். அதற்குள்ளே அந்தப் பெரிய மனிதர் காலுறையோடு நடந்து போனார். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெர்லினில் அதற்கெல்லாம் திரும்ப மாட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது ஐயா சப்பாத்து இரண்டையும் சோடி சேர்த்து, நுனி வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சொல்லத் தெரியாத பகுதி. சண்டை என்றால் சொல்லிவிடலாம். சண்டை நடக்கவில்லை. எல்லோரும் வெட்கப்பட்டோம், அவ்வளவுதான். அடுத்த திங்கள் ஐயா தொலைபேசியில் பேத்திக்குச் சளி என்றார். அதற்கடுத்த திங்கள் கவிதாவுக்கு வேலை அதிகம் என்றார். நானும் வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதை நினைத்துக் குகன் அண்ணைக்கு முன்னால் வெட்கம். அப்படி வெட்கப்படுகிறேனே என்று ஐயாவுக்கு முன்னால் வெட்கம். என் மனைவி மட்டும் தெளிவாக இருந்தாள். “அந்தாள் வந்தால் நான் சோறு போடுவன். அதுக்கு மேலை என்னட்டை ஒண்டும் கேட்காதேங்கோ” என்றாள். சப்பாத்தை ஒரு பையில் போட்டு, கோயிலில் குகன் அண்ணையின் மனைவியிடம் கொடுத்ததும் அவள்தான்.

குகன் அண்ணை ஒரு நாள் என் கடையின் பின்வாசலில் வந்து நின்றார். அதே சப்பாத்து காலில் இருந்தது. இவ்வளவு பனிக்கும் தெருவில் போடுகிற உப்புக்கும் இந்த மினுக்கம் போகுதில்லையடா என்றார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, “அந்தாளிலை எனக்குக் கோவமில்லை. வெக்கமாக் கிடக்கு. சின்னப் பிள்ளை மாதிரி சொக்ஸோடை நடந்து போனன்” என்றார். போகத் திரும்பியவர், “கோவமில்லை எண்டது பொய்” என்றும் சொன்னார்.

குகன் அண்ணையும் ஐயாவும் ஒரே நிலக்கீழ் ரயில் பாதையில் போய்வருகிறவர்கள். ஒரு நாள் ஒரே பெட்டியில் அகப்பட்டுவிட்டார்களாம். ஐயாவைக் கண்டதும் குகன் அண்ணை அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். தன்னால் அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று ஐயாவும் அதே நிலையத்தில் மற்றக் கதவால் இறங்கிவிட்டார். ரயில் போய்விட்டது. பிறகென்ன, மேடையின் இரண்டு அந்தங்களிலும் நின்று, ஆளுக்கொரு விளம்பரப் பலகையை அடுத்த ரயில் வரும்வரை படித்தார்களாம். இருவருமே என்னிடம் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். ஐயாவின் பலகை பல் வைத்தியம், அண்ணையின் பலகை மெத்தை. இரண்டு முறையும் நான் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை விழுங்கினேன்.

வசந்தம் வந்தபோது ஐயாவை டெம்பல்ஹோஃப் வெளியில் கண்டேன். பழைய விமான ஓடுபாதையில் பேத்தி சைக்கிள் பழக, இவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். மீசை நடிப்பு ஒன்றும் வரவில்லை. என்னைப் புல்லில் இருத்தி, குகனிடம் ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டும், நீதான் தம்பி ஏற்பாடு பண்ண வேண்டும் என்றார். என்ன வார்த்தை ஐயா என்று கேட்டேன்.

“தெரியல. மூஞ்சப் பாத்தா வந்துடும்.”

குகன் அண்ணையிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. திருவிழா முடியட்டும் என்றார். திருவிழா முடிந்தது. பிறகு யாருக்கோ வேலை, யாருக்கோ பயணம். நாள் கேட்டால் இருவரும் சரி என்பார்கள், நாள் வந்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். நீங்கள் மூன்று பேரும் வெட்கத்திலேயே காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள் என்று என் மனைவி சொன்னாள்.

புரட்டாதியில் ஒரு காலை கவிதா அழைத்தாள். அப்பா எழும்பவில்லை என்றாள். தூக்கத்திலேயே போய்விட்டார். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் மறுபடியும் அழைத்தாள். “அங்கிள், ஃபியூனரல்காரங்க டைம் குடுத்துட்டாங்க. எங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. குகன் அங்கிள்தான் இதெல்லாம் நல்லா பண்ணுவாங்கன்னு கோயில்ல சொன்னாங்க. அப்பாக்கும் அவர் ஃபிரெண்டுதானே?”

“ஓம் பிள்ளை” என்றேன். வேறென்ன சொல்வது?

குகன் அண்ணைக்கு அழைத்து, செய்தியைச் சொன்னேன். மகள் கேட்கிறாள் என்றேன். ஏலாது என்றால் ஏலாது, நான் வேறு யாரையும் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். வேறு யாரும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். குகன் அண்ணை கேட்டது இவ்வளவுதான்:

“எத்தினை மணிக்கு வரச் சொல்லியிருக்கினம்?”

இறந்தவர்களை வைத்திருக்கும் அந்த அறை சுத்தமானது, வெள்ளை ஓடு பதித்தது, குளிர்ந்தது. எங்கள் சமையலறை போல நடுவில் ஒரு உலோக மேசை. நான் குகன் அண்ணைக்கு எடுபிடியாக முன்பும் சிலமுறை போயிருக்கிறேன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியும் வரை இறந்தவரோடு பேசிக்கொண்டே இருப்பார். வெளியில் வாயே திறக்காத மனிதர், அங்கே மட்டும் பேசுவார். அக்கா, தலையை ஒருக்கால் தூக்கிறன் என்பார். அண்ணை, தண்ணி கொஞ்சம் குளிரும், குறை நினையாதேங்கோ என்பார். முதல் முறை கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அந்தக் குரல் இல்லாமல் அந்த அறையில் நிற்க முடியாது என்று தோன்றியது.

அன்றைக்கு அவர் பேசவில்லை. எண்ணெய் வைத்தார், தண்ணீர் வார்த்தார், துடைத்தார், மீசையைச் சீவினார், வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்தினார். எல்லாம் வழமை போல மெதுவாக, ஒரு குறையும் இல்லாமல். வாயை மட்டும் திறக்கவில்லை. எனக்குத் தண்ணீர் விழும் சத்தம் தாங்க முடியாமல் இருந்தது.

உடுத்தி முடிகிற நேரத்தில் கவிதா கதவைத் தட்டி ஒரு சின்னப் பெட்டியைத் தந்தாள். அப்பாவின் பதக்கங்கள். சட்டையில் குத்திவிட வேண்டுமாம். வண்ண நாடாக்களில் தொங்கிய அவற்றை எங்களுக்கு விளக்கினாள், பாவம், எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து. இது காஷ்மீர், இது இத்தனை வருஷ சேவைக்கு, இது உங்க ஊர்ல இருந்ததுக்கு என்றாள். கதவு சாத்தப்பட்டது.

குகன் அண்ணை பெட்டிக்குள் கடைசி நாடாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“நீ குத்து. என்னாலை ஏலாது.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கை கழுவத் தொடங்கினார். நான் குத்தினேன். இரண்டு முறை ஊசி என் விரலில் ஏறியது. எங்கள் ஒழுங்கையில் என் தலைக்கு மேலே நின்ற சீருடைக்கும் பிறகு கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை, நான் சோறு போட்ட, எனக்குத் துரும்பு வெட்டித் தந்த, என் சப்பாத்தைத் துடைத்த மனிதரின் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தேன். அவருக்காக அழ வேண்டும் என்று இருந்தது. அழுதால் குகன் அண்ணை பார்ப்பாரே என்றும் இருந்தது. கடைசிப் பதக்கத்தை எப்படிக் குத்தினேன் என்றே தெரியாது.

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கால்மாட்டில் நின்று தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அது அவர் எல்லோருக்கும் பார்க்கிற கடைசிப் பார்வை. பார்வை நெஞ்சில் நின்றது. முகம் சுளித்தது. கிட்டப் போய்க் குனிந்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ ஐயா” என்றார். “இவன் கோணலாக் குத்திப்போட்டான்.”

ஊசியைக் கழற்றி, நாடாவைக் கையால் நீவி, மற்றதோடு மட்டம் பார்த்து, நேராகக் குத்தினார். சரி ஐயா, இனி வடிவாக் கிடக்கு என்றார். பிறகு மாலையைப் போட்டார். அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னார், நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். அது எனக்கான பேச்சில்லை.

எரியூட்டல் முடிந்து, வெளியே பேருந்துக்கு நிற்கும்போது, அந்தாள் தன்னிடம் என்ன சொல்ல இருந்தவர் என்று குகன் அண்ணை கேட்டார். தெரியாது அண்ணை, முகத்தைப் பார்த்தால் வரும் என்று சொன்னவர் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பேருந்து வந்தது, ஏறினோம்.

இப்போது கவிதா கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்கு வேலை மாறிப் போய்விட்டாள். அந்தப் பேத்தி நல்ல உயரம் என்று படம் அனுப்புகிறாள். உணவகங்கள் கிழமை முழுவதும் திறந்திருக்கின்றன, எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொரு நாள் விடுமுறை, ஒரு மேசைக்கு நாலு பேரைச் சேர்க்க முடியாது. குகன் அண்ணை இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கனடாவில் மகனோடு இருக்கிறார். நத்தாருக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்கிறோம், காலநிலை பற்றி.

போன மாதம் எங்கள் ஆள் ஒருவர் காலமானபோது போயிருந்தேன். இப்போது அதற்கென்று இரண்டு இளம் பிள்ளைகள் வருகிறார்கள், இங்கேயே பிறந்தவர்கள், முறையாகப் படித்தவர்கள். கையுறை போட்டு, மிகச் சுத்தமாக, மிக மரியாதையாகச் செய்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. தொடங்கியதிலிருந்து முடியும்வரை அந்த அறையில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.